மறைத்து அடித்த ஆறு எண்

பள்ளிப் பிள்ளைகளுக்குப் போனையும் கம்ப்யூட்டரையும் பத்திரமாகப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதில் பாதி நேரம் பிள்ளைகள் எனக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், மீதி நேரம் அவர்களைப் பெற்றவர்கள் என்னைத் தேடிக்கொண்டு வருவார்கள். உங்கள் வீட்டில் ஒரு போனும் ஒரு பிள்ளையும் இருந்தால் நீங்களும் என் கட்சிதான். உங்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் என் மூத்த மாணவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் என் மனைவி வடிவு. அவளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில், காலை எட்டு மணி போல. நான் பிளாஸ்கில் காபி வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். அவள் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்து, போனை வாயருகே வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"யார்கிட்ட பேசுத?"

"உங்ககிட்டதான்."

"நான் இங்கனல்லா நிக்கேன்?"

"இது பொறவு கேக்கதுக்கு. பேசிப் பதிஞ்சு வைக்கேன். இப்பக் கேக்கப்படாது."

அதற்குள் போன் பூட்டிக்கொண்டுவிட்டது. திறக்க ஆறு எண் அடிக்க வேண்டும். இடது கையைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு, அதன் அடியில் வலது கட்டைவிரலால் அடித்தாள். "ஏளா, நான்தான நிக்கேன்" என்றேன். "யாரு பக்கத்துல நின்னாலும் மறைச்சு அடின்னு பாடம் நடத்துனது யாரு? போயி ரெண்டு இட்லி வாங்கிட்டு வாங்க, பசிக்கி" என்றாள். இட்லியோடு நான் திரும்பியபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். போன் தலையணைக்கு அடியில் இருந்தது. பூட்டியிருந்தது.

இதைச் சொன்னதற்காக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளாதீர்கள். வடிவுக்கு அது பிடிக்காது. இனி வருவதில் முக்கால்வாசி சிரிக்கிற சங்கதிதான்.

மக்ரூன் டின்

நான் பத்தாவதோடு நின்றவன். துறைமுகத்துக்கு வெளியே ஒரு சரக்குக் கிடங்கில் மூட்டை எண்ணி எழுதும் கிளார்க்காக இருந்தேன். கிடங்குக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது மேனேஜர் அதற்குச் சந்தனம் வைத்து, சூடம் காட்டி, துணி போட்டு மூடிவிட்டார். யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. அவர் மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணசரும் அரை மணி நேரத்தில் துணியை விலக்கி, ஒரு கையில் அகராதியும் இன்னொரு கையில் கூட வந்த புத்தகமுமாக நான் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பள்ளித் தலைமையாசிரியை பழுதான கம்ப்யூட்டரைப் பார்க்கக் கூப்பிட்டார். பார்த்து முடித்ததும், "பிள்ளைகளுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்" என்றார். அந்த ரெண்டு வார்த்தை இப்போது ஏழு பள்ளிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் பாடப் பொருட்கள் எல்லாம் ஒரு பழைய மக்ரூன் டின்னில் இருக்கும். பேட்டரி உப்பிப் போன போன், கடல் தண்ணீர் குடித்த போன், சார்ஜ் போட்டுக்கொண்டே பேசிக் கருகிய போன் என்று எல்லாம் செத்த போன்கள். முதல் பள்ளியில், முதல் வகுப்பில், நான் டின்னை மேசையில் வைத்ததும் நாற்பது பிள்ளைகளும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார்கள். அடேயப்பா, நமக்கும் வகுப்பை அடக்கி ஆள வருகிறதே என்று எனக்கு ஒரே பெருமை. மூடியைத் திறந்தேன். முன் வரிசையில் இருந்த ஆறாம் வகுப்புப் பையன் எழுந்து, எட்டிப் பார்த்து, மனம் நொந்துபோய்க் கேட்டான்: "மக்ரூனப் பூராவும் நீங்களே தின்னுட்டு, டப்பாவ மட்டும் கொண்டாந்தீயளா சார்?"

படகு நம்பர்

புன்னைக்காயலில் எட்டாம் வகுப்புக்குப் பூட்டு எண் பாடம். "உங்க வீட்டுப் போன் பூட்டு நம்பர் என்னன்னு எனக்குச் சொல்லாதீங்க. நான் கேக்கதுக்குக் கையை மட்டும் தூக்குங்க" என்றேன். பிறந்த வருஷம் வைத்திருப்பவர்கள்? நாலு கை. ஒன்று இரண்டு மூன்று நான்கு? ஆறு கை, வெட்கத்தோடு. சட்டென்று எனக்கு ஒன்று தோன்றியது. "படகு நம்பர்?" என்றேன். மொத்த வகுப்பும் கை தூக்கியது. முன்னால் தூக்கியவர்களும் மறுபடி தூக்கினார்கள். அம்மா போன் ஒன்று, அப்பா போன் ஒன்றாம்.

பிள்ளைகளை ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். கரையில் படகுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முன்பக்க அணியத்திலும் முழ உயரத்துக்கு அந்த எண். அரை மைல் தூரத்திலிருந்து கண்ணாடி போடாமலே என்னால் படிக்க முடிந்தது. பிள்ளைகள் "ஐயையோ" என்று வாயில் கை வைத்தார்கள். "இன்னைக்கே வீட்டுல சொல்லி மாத்திருங்க" என்று சொல்லிவிட்டு, நல்ல பாடம் நடத்திய திருப்தியோடு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் பள்ளி வாசலில் ஒருவர் காத்திருந்தார். முழங்கை வரை நீலப் பெயின்ட். படகில் எண் இல்லையென்று அதிகாரி பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறார். மகன் வந்து, "அப்பா, நம்ம நம்பர் ஊருக்கே தெரியுது, சார் இன்னைக்கே மாத்தச் சொன்னாரு" என்றானாம். இவர் அன்று சாயங்காலமே படகில் இருந்த எண்ணை அழித்துப் பெயின்ட் அடித்துவிட்டார். "போன்ல இருக்கதையில்லா மாத்தணும்" என்றேன். அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்: "போன்ல மாத்தத் தெரியாது சார். பெயின்ட் அடிக்கத் தெரியும்."

சிலிண்டர் திரும்பிப் போனது

தாமிரபரணிப் பக்கம் ஒரு வயல்காட்டு ஊர். அங்கே ஏழாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. நான் சொல்வதையெல்லாம் இரண்டு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள். ஓடிபி பாடம் நடத்திய மறுநாள் அம்மா நடவுக்குப் போய்விட்டாள், போன் இவளிடம். சிலிண்டர் போடுகிறவர் வந்து, போனுக்கு வந்திருக்கும் எண்ணைக் கேட்டிருக்கிறார். இவள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "யாரு கேட்டாலும் சொல்ல மாட்டேன்" என்றிருக்கிறாள்.

அவர் அடையாள அட்டையைக் காட்டினார். "அத யாரு வேணும்னாலும் அடிக்கலாம்." சட்டையைக் காட்டினார். "சட்டை எங்கயும் தைக்கலாம்." தோளில் இருந்த சிலிண்டரைத் தட்டிக் காட்டினார். "ஏமாத்துதவங்க நம்புத மாதிரிதான் வருவாங்கன்னு சார் சொல்லியிருக்காரு." கடைசியில் இவள் அவரைப் போட்டோ எடுக்கப் போனதும் அவர் சிலிண்டரோடு ஓடிவிட்டார். அடுத்த மூன்று நாளும் அந்த வீட்டில் விறகடுப்புதான்.

தப்பு என்னுடையது. முகம் தெரியாதவன் போனில் கூப்பிட்டுக் கேட்பதற்கும், நாம் பதிவு செய்த பொருள் வாசலுக்கு வந்து நிற்கும்போது கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லவே இல்லை. அந்த வாரமே போய்ச் சொன்னேன். திரும்பும்போது டீக்கடையில் அந்தச் சிலிண்டர்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கோபப்படவில்லை, ஒரு டீயும் வாங்கித் தந்தார். தந்துவிட்டுச் சொன்னார்: "உங்க பாடத்தக் குறை சொல்லல அண்ணாச்சி. முப்பது கிலோவத் தோள்ல வச்சுக்கிட்டு என்னால பரீட்சை எழுத முடியாது, அதான்."

உப்பளத்து விரல்

வடிவு கல்யாணத்துக்கு முன்னும், பின்னால் ஒரு பத்து வருடமும் உப்பளத்தில் வேலை பார்த்தவள். உப்பு அவள் விரல் ரேகையைத் தின்றுவிட்டது. ரேஷன் கடைக் கருவியில் அவள் விரலை வைத்தால் சிவப்பு விளக்குதான் எரியும். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் கால் விரலக் கொண்டு வாரேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வருவாள்.

அவளுக்கு நான் வாங்கிக்கொடுத்த போனும் அந்த விரலை ஏற்கவில்லை. ஆகவே ஆறு எண் பூட்டு. உட்கார வைத்து ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். பிறந்த நாள் கூடாது, கல்யாண நாள் கூடாது, மகள் பிறந்த நாள் கூடாது, வீட்டு எண் கூடாது. மறைத்து அடி. யாருக்கும் சொல்லாதே. எழுதியும் வைக்காதே. படமோ பேச்சோ போனை விட்டு வெளியே எங்கும் தானாக ஏறாதபடி அடைத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, பதினைந்து முறை தவறாக அடித்தால் உள்ளே இருப்பது எல்லாம் தானே அழிந்துபோகும் என்று ஒரு ஏற்பாடு இருந்தது, அதையும் போட்டுவிட்டேன். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "கஜானாவுக்குக்கூட இம்புட்டுக் காவல் கெடையாது. உள்ள இருக்கது நாலு கோலமும் உங்க மக போட்டோவுந்தான்" என்றாள். ஆனால் சொன்னதைச் செய்தாள்.

பிறகு ஒருநாள் என் போன் அணைந்துவிட்டது. அவசரமாக ஒரு ஆளைக் கூப்பிட வேண்டும். "ஒன் நம்பரச் சொல்லு" என்றேன். தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள், கையைத் துடைத்தாள், திரும்பி நின்று அடித்துத் திறந்து என்னிடம் நீட்டினாள். "ஏளா, புருசன்கிட்டகூடவா?" என்றேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "புருசன் பேச்சக் கேக்கணுமா, வாத்தியார் பேச்சக் கேக்கணுமான்னு நீங்களே ஒரு முடிவுக்கு வந்துட்டுச் சொல்லுங்க."

அரிசி டிரம்

சாகுபுரம் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒரு பள்ளி. அங்கே பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். வீட்டில் போனுக்கு என்ன விதி என்று எல்லாரும் உட்கார்ந்து பேசி எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவர வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தானே எழுதி, அப்பா ஷிப்ட் முடிந்து களைத்து வந்த நேரம் பார்த்து நீட்டியிருக்கிறது. மனுஷன் பள்ளிக்கூடச் சுற்றறிக்கை என்று நினைத்துப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதில் எழுதியிருந்தது இதுதான்: சாப்பாட்டு நேரத்தில் எல்லார் போனும் அரிசி டிரம்முக்குள் போய்விட வேண்டும், மீறி எடுப்பவர் அன்றைய பாத்திரம் முழுவதையும் தேய்க்க வேண்டும். முதல் வாரத்தில் அம்மா ஒரு நாள் தேய்த்தாள், பிள்ளை ஒரு நாள் தேய்த்தது, அப்பா ஐந்து நாள் தேய்த்தார். என்னைப் பார்க்க வந்தபோது சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தனியாக ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்: "பாத்திரம் தேய்க்கதுல எனக்கு ஒண்ணும் இல்ல சார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் ஜன்னல் வழியா பாத்துச் சிரிக்காரு. அவரு பிள்ளைக்கும் ஒரு தாளக் குடுத்திருங்க."

பதினான்கு முறை

வடிவின் காரியத்துக்கு மஸ்கட்டிலிருந்து மகள் வந்திருந்தாள். அம்மா ஏதோ பேசி வைத்திருக்கிறாள் என்று சொன்னேன். இருவரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பிறந்த நாள், கல்யாண நாள், மகள் பிறந்த நாள், பேரன் பிறந்த நாள், வீட்டு எண் என்று ஒவ்வொன்றாக அடித்தோம். நான் கூடாது என்று சொன்ன எண் ஒவ்வொன்றையும் நானே அடித்தேன், ஒன்றும் திறக்கவில்லை. மகள் ஊருக்குப் போன பிறகும் சில நாள் தனியாக அடித்துப் பார்த்தேன். பதினான்காவதும் தவறியது. இன்னும் ஒரே ஒரு முறை தவறினால் எல்லாம் அழிக்கப்படும் என்று திரையில் வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த வித்தைக்கு மேல் தெரிந்தவர்களும் இருப்பார்களே என்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் புரட்டிப் பார்த்தார், வயரைச் செருகினார், எடுத்தார். திறக்கலாம், ஆனால் உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத்தான் திறக்கலாம் என்றார். அந்தப் பக்கம் போட்ட தடை, இந்தப் பக்கம் போட்ட தடை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, வியந்துபோய் என்னிடம் சொன்னார்: "இம்புட்டுக் கெட்டியா பூட்டுன ஆளு யாருன்னு விசாரிச்சுக் கூட்டியாங்க அண்ணாச்சி. அந்த ஆளாலதான் முடியும்."

இரண்டே கால்

ஆனால் அந்தப் போன் முழுக்க ஊமை இல்லை. தினமும் மத்தியானம் இரண்டே காலுக்கு அலாரம் அடிக்கும். பூட்டிய திரையிலேயே எழுத்து வரும்: 'அவருக்கு மாத்திரை'. சாப்பிட்ட பிறகு போட வேண்டிய என் சர்க்கரை மாத்திரை. வடிவு வைத்த அலாரம் அது. நிறுத்துவதற்கு எண் வேண்டாம், ஒரு தொடு போதும். போன் ஒரு தடவை அணைந்துவிட்டால் திரும்ப எழுப்ப அதே ஆறு எண் வேண்டும், அலாரமும் போய்விடும். அதனால் அதைச் சார்ஜிலேயே வைத்திருப்பேன். கடைசி முறையை அடித்துத் தவறினாலும் அலாரம் போய்விடும். என் நிலைமை உங்களுக்குப் புரிகிறதல்லவா? அடித்தால் வடிவு பேசியது கிடைக்கலாம். தவறினால் மாத்திரை சாப்பிடச் சொல்லக்கூட ஆள் இருக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் பகல் முழுக்கக் கரண்டு கிடையாது என்று அறிவித்தார்கள். போனைப் பவர் பேங்கில் செருகி, மக்ரூன் டின்னுக்குள் வைத்து வகுப்புக்கு எடுத்துப் போனேன். தூத்துக்குடியில் ஒரு பள்ளி, எட்டாம் வகுப்பு. செத்த போன்களை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது டின்னுக்குள் இருந்து ஒரு போன் அலறியது. பிள்ளைகள் கத்திவிட்டார்கள். முன்னால் இருந்த பிரிசில்லா என்ற பெண் எடுத்துப் படித்தாள். பள்ளிக் கிரிக்கெட் அணியில் பந்து போடுகிறவள், எதற்கும் பயப்படாதவள். "சார், 'அவருக்கு மாத்திரை'ன்னு போட்டிருக்கு. அவருன்னா நீங்களா?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், பதினான்கு முறை வரை. அப்புறம் ஆளாளுக்கு எண் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவன் மட்டும் "அடுத்தவங்க போனத் தொறக்கப்படாதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்று முறைத்தான். பிரிசில்லா எல்லாரையும் கை காட்டி அடக்கினாள். "நீங்க போட்டதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச நம்பரு சார். அதெல்லாம் வேண்டாம்" என்றாள். பிறகு கேட்டாள்: "அவங்களுக்குத் தெரிஞ்சு, உங்களுக்குத் தெரியாத நம்பரு எது?"

பெண் பார்த்த நாள்

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன். முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவளுக்கு என்ன எண் தெரியும், எனக்கு என்ன தெரியாது? அவள் செருப்பு அளவு தெரியாது. உப்பளத்தில் அவள் எத்தனை வயதில் சேர்ந்தாள் என்று தெரியாது. ஒரு நாள் பல் விளக்கும்போது உறைத்தது: நான் அவளைப் பெண் பார்க்கப் போன நாள் எது? அவள் வருடா வருடம் ஒரு நாள் காரணம் சொல்லாமல் பஜ்ஜி போடுவாள். என்ன விசேஷம் என்று கேட்டால், "உங்களுக்குத்தான் தெரியாதே" என்பாள். நானும் தின்றுவிட்டுப் போய்விடுவேன். நான் தடுத்த நாட்களின் பட்டியலில் அந்த நாள் இல்லை.

அவளுடைய அக்கா கோமதி வீட்டுக்குப் போனேன். மதினி கேட்ட உடனே சொன்னாள்: "ஆவணி பொறந்து மொத வெள்ளி தம்பி. நீங்க சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்துட்டீங்க. அவ உப்பளத்துல இருந்து அப்பத்தான் வாரா, கால்ல உப்போட உள்ள வந்து நின்னா." உப்பு எனக்கும் ஞாபகம் இருந்தது. கணுக்கால் வரை வெள்ளையாக, கொலுசு போட்ட மாதிரி. நாள்தான் ஞாபகம் இல்லை. என் போனில் அந்த வருடக் காலண்டரைத் தேடி, இங்கிலீஷ் தேதியாக்கி, நாள், மாதம், வருடம் என்று எழுதிப் பார்த்தேன். சரியாக ஆறு எண்.

பவர் பேங்கோடு கொண்டுபோயிருந்த வடிவின் போனை எடுக்கக் கையை நீட்டினேன். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த சகலை குரல் கொடுத்தார்: "வெள்ளி இல்லளா. புதன். வெள்ளிக்கெழம யாராச்சும் பொண்ண உப்பளத்துக்கு அனுப்பிட்டு மாப்பிள்ளைய வரச் சொல்லுவாளா?" மதினி விடவில்லை. "அன்னைக்கு நீங்க இருந்தீயளா?" சகலை எச்சில் கையோடு எழுந்து வந்தார். இரண்டு பேரும் என் முன்னாலேயே அரை மணி நேரம் அடித்துக்கொண்டார்கள், வருடத்திலும் மாதத்திலும் சண்டை இல்லை, கிழமையில்தான். எனக்கு இருப்பதோ ஒரே ஒரு முறை. சகலை கடைசியாக என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நான் பொண்ணப் பாக்கல சகல, பஜ்ஜியத்தான் பாத்தேன். பஜ்ஜி விசயத்துல நான் தப்பு சொல்ல மாட்டேன்."

ஒட்டிய கவர்

இப்போது என் வகுப்பில் ஒரு பாடம் கூடியிருக்கிறது. யாருக்கும் சொல்லாதே, எழுதி வைக்காதே என்று முன்பு சொன்னேன் அல்லவா, அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். எண்ணை ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, வீட்டில் ஒரு இடத்தில் வை. அந்த இடம் எது என்று மிகவும் நம்பும் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் சொல். திறக்க வேண்டிய நாள் வந்தால் அவர் திறக்கட்டும். ஏழு பள்ளிக்கும் கவர் கட்டு வாங்கிக்கொடுத்தேன். வீடுகளில் இதனால் நடந்த சண்டைகள் தனிக் கதை. ஒரு அப்பா கவருக்குள் எண் எழுதாமல், 'என் மேல நம்பிக்கை இல்லையா?' என்று எழுதி ஒட்டி வைத்திருந்தாராம்.

பிரிசில்லா தன் கவரை உயர்த்திக் காட்டிவிட்டு, "நீங்க போட்டீங்களா சார், கடைசி நம்பரு?" என்று கேட்டாள். வெள்ளியா புதனா என்று தெரியாமல் நிற்பதைச் சொன்னேன். மகளிடமும் கேட்டதாகச் சொன்னேன். அவள் போனிலேயே அழுதுவிட்டு, "உங்க இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். போட்டுவிடலாமா என்று வகுப்பையே கேட்டேன். ஒரு பாதி போடச் சொன்னது, ஒரு பாதி கூடாது என்றது. எல்லாரும் கத்தி ஓயும் வரை பிரிசில்லா காத்திருந்தாள். பிறகு, அம்பயர் தீர்ப்பை எதிர்த்துக் கேட்கலாமா என்று அணித் தலைவனிடம் பேசும் பந்து வீச்சாளரைப் போலப் பொறுமையாகச் சொன்னாள்: "கையில இருக்கது ஒரே ஒரு ரிவ்யூ சார். அவுட்டுன்னு முழுசாத் தெரிஞ்சாக் கேளுங்க. சந்தேகத்துல கேட்டு வீணாக்காதீங்க."

இத்தனை வருடத்தில் நான் நடத்திய பாடத்தை ஒரு எழுத்து விடாமல் கடைப்பிடித்த மாணவி வடிவு ஒருத்திதான்; வாத்தியார் பெயிலானதும் அவளிடம் மட்டும்தான். வெள்ளி, புதன் இரண்டு தேதியையும் எழுதிக் கவரில் போட்டு ஒட்டி, எங்கே இருக்கிறது என்று மகளிடம் சொல்லிவிட்டேன். இந்த ஆவணியில் இரண்டு நாளும் பஜ்ஜி போட்டேன். போன் அலமாரியில் சார்ஜில் இருக்கிறது. இன்று இரண்டே காலுக்கு அடித்தது, மாத்திரையைப் போட்டுக்கொண்டேன், ஒரு முறை இன்னும் மிச்சம் இருக்கிறது.